வாளைக் காப்பாற்றிய வாத்தியார்கள்

ஜப்பானில் உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்து வாள் ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் போலீஸில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது சரி. அதற்கப்புறம் அதைப் பதிவு செய்து சான்றிதழ் கொடுப்பது யார்?

கலெக்டர் ஆபீஸ்? ராணுவம்? ஊஹூம்... கல்வி இலாகா!

"பரீட்சை, பள்ளிக்கூடம் பார்க்கிற ஆபீஸுக்கும் வாளுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று கேட்டேன்.

"ஆயுதமாக இருந்தால் போலீஸே பார்த்துக்கொள்ளும். இது கலைப்பொருள் ஆயிற்றே" என்றார் சீனியர்.

ரொம்பச் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். 'கலைப்பொருள்' என்கிற இந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு பேர் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சீனியரை முதலில் அறிமுகப்படுத்திவிடுகிறேன். கம்பெனி என்னை மூன்று மாத டிரெய்னிங்குக்கு டோக்கியோ அனுப்பியபோது எனக்குப் பக்கத்து ஸீட். கணக்குப் பிரிவு. ஐம்பத்தைந்து வயது. சாம்பல் கலர் கோட்டு, சாம்பல் கலர் டை. போனில் பேசும்போது 'ஹை... ஹை...' என்று தலையை ஆட்டி ஆட்டி உம் கொட்டுவார். எதிராளிக்கு இவர் தலை ஆடுவது தெரியாதே என்ற கவலை எனக்கு. மற்றபடி ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மெதுவாக என் பக்கம் திரும்பி, "நாளைக்கு வாள் பார்க்க வருகிறீர்களா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? ஸாமுராய் படம் ஏதோ ஓடுகிறது போலிருக்கு என்று நினைத்துச் சரியென்றேன்.

கூட்டிக்கொண்டு போனது ரியோகோகு என்கிற பேட்டைக்கு. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் பிரமாண்டமான ஸூமோ மல்யுத்த அரங்கம். அதைத் தாண்டி, ஒரு பழைய தோட்டத்தின் ஓரத்தில் வாள் மியூசியம். 1968-லிருந்து யோயோகியில் இருந்ததை 2018-ல் இங்கே மாற்றியிருக்கிறார்கள்.

உள்ளே இருட்டு. கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் கைப்பிடி இல்லாத, உறை இல்லாத, மொட்டையான ஒரு வாள். பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு வாசலுக்கு வந்தேன். சீனியரைக் காணோம். திரும்பிப் போய்ப் பார்த்தால் மனுஷர் முதல் பெட்டி முன்னாலேயே நிற்கிறார். நிற்கிறார் என்றா சொன்னேன்? முழங்காலை மடக்குகிறார், எழுந்திருக்கிறார், மறுபடி மடக்குகிறார். தோப்புக்கரணம்!

"என்ன சார், வேண்டுதலா?"

"நீங்களும் குனிந்து பாருங்கள். விளக்கு வெளிச்சம் வாள் மேல் படுகிற இடத்தை மட்டும் பாருங்கள்."

குனிந்தேன். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தேன். திடீரென்று... அட!

வெறும் இரும்பாக இருந்த இடத்தில், கூர்முனையை ஒட்டி வெள்ளையாக ஒரு கோடு. கோடு என்றுகூடச் சொல்ல முடியாது. மலை மேல் படுத்திருக்கிற பனிமூட்டம் மாதிரி, ஏறி இறங்கி வாள் நீளத்துக்கும் ஓடுகிறது. நிமிர்ந்தால் காணோம். குனிந்தால் இருக்கிறது. பக்கத்து வாளுக்குப் போய்த் தோப்புக்கரணம் போட்டேன். அதில் வேறு மாதிரிக் கோடு, வரிசையாகப் பூ இதழ் வைத்தாற்போல்.

"இந்தக் கோட்டுக்கு ஹாமோன் என்று பெயர். அதைப் பார்த்தே எந்த ஊர், எந்தப் பட்டறை என்று சொல்லிவிடலாம்" என்றார்.

"சும்மா சொல்லாதீங்க சார்!"

அவர் சிரித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு என்னை மறுபடி 'புக்' செய்துவிட்டார்.

*

இந்தத் தடவை ஒரு சின்னக் கூடம். பாய் விரித்த தரை. இருபது பேர் இருக்கலாம். ரிடையரானவர்கள், ஒரு பல் டாக்டர், இரண்டு காலேஜ் பையன்கள், ஒரு இளம்பெண். நடுவில் நீள மேஜை மேல் சிவப்பு விரிப்பு, அதில் ஐந்து வாள்கள்.

ஜப்பானிய வாளைச் செய்தவர் தன் பெயரைக் கைப்பிடிக்குள் மறைந்துபோகும் அடிப்பாகத்தில் வெட்டி வைப்பது வழக்கம். அந்தப் பாகத்தைத் துணி சுற்றி மூடியிருந்தார்கள். ஒவ்வொருத்தராகப் போய், வாளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கையில் எடுத்துப் பார்த்து, செய்தவர் யார் என்று சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்குக் 'கான்தெய்' என்று பெயர். சரியாக எழுதினால் 'அதாரி'. அதே பரம்பரையில் நெருங்கிய இன்னொருவர் பெயரை எழுதினால் 'தோஸென்', அதாவது கிட்டத்தட்ட சரி. தப்பென்றால் 'இயா'. தமிழில் சொன்னால், முட்டை!

என் முறை வருவதற்கு முன்னால் சீனியர் என்னைச் சோதனை போட்டார். வாட்ச்சைக் கழற்று, மோதிரத்தைக் கழற்று, சட்டைப் பையில் இருக்கிற பேனாவை எடு (குனியும்போது வாள் மேல் விழுந்துவிடுமாம்), இரும்பின் மேல் விரல் படக்கூடாது. ஏர்போர்ட்டில்கூட இவ்வளவு இல்லை.

எல்லாம் சரியாகத்தான் செய்தேன். கையில் எடுத்தேன். கிட்டத்தட்ட ஒரு கிலோ கனம். வெளிச்சத்துக்கு நேராக நீட்டினேன். கோடு தெரிந்தது. "ஆஹா, பிரமாதம் சார்!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

கூடத்தில் இருபது பேரும் ஒரே சமயத்தில் மூச்சை இழுத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

வாளுக்கு நேராக வாயைத் திறக்கவே கூடாதாம். எச்சில் துளி ஒன்று பட்டால் போதும், துருப் பிடித்துவிடும். பல் டாக்டர் ஓடி வந்து மெல்லிய காகிதத்தால் ஒற்றி எடுத்தார். நான் எத்தனை தடவை தலை குனிந்து மன்னிப்புக் கேட்டேன் என்று கணக்கில்லை. பிறகு ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டேன்.

சீனியருக்கு அன்றைக்கு ஐந்தில் மூன்று அதாரி, ஒரு தோஸென், ஒரு முட்டை. அறுநூறு எழுநூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு கொல்லரை, பெயரை மூடி வைத்திருக்கும்போதே, வெறும் வேலையைப் பார்த்து அடையாளம் சொல்கிறார் என் பக்கத்து ஸீட்டு அக்கவுன்டன்ட்!

வளைவைப் பார்த்தால் காலம் தெரியும். கோட்டைப் பார்த்தால் பட்டறை தெரியும். இரும்பின் மேல் மரத்தில் ஓடுகிற மாதிரி ரேகை ஓடும், அதைப் பார்த்தால் ஊர் தெரியும். இந்தப் பார்வையைத் தொழிலாகவே பரம்பரை பரம்பரையாக வளர்த்தது ஹோனாமி என்கிற குடும்பம். வாளைத் தீட்டுவதும், மதிப்பிட்டுச் சொல்வதும் அவர்கள் வேலை. மதிப்பிட்ட வாளுக்கு மடித்த காகிதத்தில் சான்று எழுதித் தருவார்கள். மடித்த காகிதத்துக்கு ஜப்பானிய மொழியில் 'ஒரிகாமி'. காகிதக் கொக்குதான் நமக்குத் தெரியும். அங்கே இன்றைக்கும் 'ஒரிகாமி உள்ளது' என்றால் நம்பி வாங்கலாம் என்று அர்த்தம்.

"இதெல்லாம் தெரிந்து என்ன சார் பிரயோஜனம்? புரமோஷன் கிடைக்குமா?" என்று திரும்பி வரும்போது ரயிலில் கேட்டேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. நாலு ஸ்டேஷன் போன பிறகு, "1945-ல் இது தெரிந்த ஆட்கள் இல்லாமல் இருந்திருந்தால், இன்றைக்கு நீங்கள் எச்சில் துப்புவதற்கு வாளே இருந்திருக்காது" என்றார்.

கணக்குப் பிரிவுக்காரர். பாக்கி வைக்கமாட்டார்.

*

ஜப்பானிய வாளுக்கு முதல் அடி 1876-ல் விழுந்தது. வாளோடு தெருவில் நடக்கக்கூடாது என்று ஜப்பானிய அரசே சட்டம் போட்டது. ஸாமுராய்களுக்கு வாள் போயிற்று, கொல்லர்களுக்குப் பிழைப்பு போயிற்று. பல பேர் கத்தி, அரிவாள் அடிக்கப் போனார்கள். விடாப்பிடியாக வாளே அடித்துக்கொண்டிருந்த கஸ்ஸான் ஸடகஸு, மியாமோத்தோ கனெனோரி என்ற இரண்டு பேரை 1906-ல் அரண்மனைக் கலைஞர்களாக நியமித்தார்கள்.

இரண்டாவது அடி இடி மாதிரி. 1945 ஆகஸ்ட்டில் ஜப்பான் சரணடைந்தது. அமெரிக்கப் படை வந்து இறங்கியது. 'எல்லா ஆயுதங்களையும் ஒப்படை' என்று உத்தரவு. அமெரிக்கச் சிப்பாய்க்கு வாள் என்றால் வாள்தான். ராணுவத்துக்காகத் தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்ததும் அதே, எழுநூறு வருஷத்துக்கு முன்னால் செய்ததும் அதே. லட்சக்கணக்கில் குவிந்தன. உருக்கினார்கள், கடலில் கொட்டினார்கள், சிப்பாய்கள் ஊருக்கு ஞாபகார்த்தமாக எடுத்துக்கொண்டு போனார்கள்.

தோகுகாவா வம்சத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்தது 'ஹோன்ஜோ மஸாமுனே' என்ற வாள். 1939-ல் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டது. சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அந்தக் குடும்பம் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தது. அவ்வளவுதான். இன்றுவரை அது எங்கே என்று தெரியாது.

இந்தச் சமயத்தில் வருகிறார்கள் நம் கதாநாயகர்கள். வாளைப் பிடித்துச் சண்டை போட்டவர்கள் இல்லை. பார்த்துப் பார்த்துக் குறிப்பெழுதிய ஆராய்ச்சியாளர்கள். ஒருவர் ஹொம்மா ஜுன்ஜி. இன்னொருவர் ஸாதோ கானிச்சி. முதலாமவர் குன்ஸான், அதாவது 'மணக்கும் மலை' என்ற புனைபெயர் வைத்துக்கொண்டவர். இரண்டாமவர் கான்ஸான், 'குளிர்ந்த மலை'. வாள் உலகத்தில் இவர்களை 'இரு மலைகள்' என்றே சொல்வார்கள்.

தோற்றுப்போன நாட்டில் ஒரு ஆராய்ச்சியாளருக்கு என்ன அதிகாரம் இருக்கும்? ஒன்றும் கிடையாது. ஹொம்மா அமெரிக்கப் படையின் கர்னல் காட்வெல்லைப் பார்த்துப் பேசினார். பேச்சைவிடப் பெரிய வேலை ஒன்று செய்தார். வெவ்வேறு காலத்து வாள்களைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து, பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். எது கலை, எது வெறும் ஆயுதம் என்று கொஞ்ச நேரத்தில் கர்னலே பிரித்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டாராம். யோசித்துப் பாருங்கள்... ஜெயித்த நாட்டு அதிகாரிக்குத் தோற்ற நாட்டு வாத்தியார் நடத்திய கிளாஸ்!

உத்தரவு மாறியது. கலை மதிப்புள்ள வாள்களை விட்டுவிடலாம். அதை யார் பார்த்துச் சொல்வது? இவர்கள்தான். குவியல் குவியலாகக் கிடந்தவற்றில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துப் பிரித்தார்கள். டோக்கியோவில் அகாபானே என்கிற இடத்து அமெரிக்கக் கிடங்கில் குவிந்திருந்ததிலிருந்து பிரித்தெடுத்த சுமார் 5,500 வாள்கள் 1947-ல் டோக்கியோ மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றில் சொந்தக்காரர் தெரியாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை 1999-ல் நாடு முழுவதும் உள்ள பொது மியூசியங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன.

1948-ல் ஹொம்மாவும் ஸாதோவும் இன்னும் சிலரும் சேர்ந்து கலை வாள்களைப் பாதுகாக்க ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். நான் தோப்புக்கரணம் போட்ட மியூசியம் அந்தச் சங்கத்தினுடையதுதான்.

இந்தப் பார்வை தொற்று வியாதி மாதிரி. வால்டர் காம்ப்டன் என்று ஒரு அமெரிக்கர். அல்கா-ஸெல்ட்ஸர் மாத்திரை தயாரித்த மைல்ஸ் கம்பெனியின் தலைவராக இருந்தவர். வாள் பைத்தியம். அமெரிக்காவில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கிய வாள் ஒன்று, ககோஷிமா நகரத்து தெருகுனி கோயிலிலிருந்து போருக்குப் பின் காணாமல்போன குனிமுனே வாள் என்று அவருக்குத் தெரியவந்தது. தேசியப் பொக்கிஷம்! என்ன விலை சொன்னாலும் கொடுத்திருப்பார்கள். 1963-ல் காலணா வாங்காமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

*

சரி, பழைய வாள் பிழைத்துவிட்டது. புதிதாக யார் செய்வது?

போருக்குப் பிறகு வாள் செய்யத் தடை இருந்தது. 1953 வாக்கில்தான் முறைப்படி அனுமதி கிடைத்தது. 1955-ல் தகஹாஷி ஸடட்ஸுகு என்ற வாள் கொல்லரை அரசாங்கம் 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்று அறிவித்தது. பத்து வருஷம் முன்னால் செய்யவே கூடாது என்ற தொழிலுக்கு!

ஆனால் இன்னொரு சிக்கல் முளைத்தது. இரும்பு இல்லை.

'டாட்டாவிடம் சொன்னால் லாரியில் அனுப்புவாரே' என்பீர்கள். நடக்காது. இந்த வாளுக்கு வேண்டியது 'தமஹகனே' என்கிற தனி உருக்கு. ஆற்றுப்படுகையிலும் மலையிலும் கிடைக்கிற கருப்பு இரும்பு மணலை மரக்கரியோடு சேர்த்து, 'ததாரா' என்ற களிமண் உலையில் உருக்கி எடுப்பது. நவீன உருக்காலைகள் வந்ததும் ததாராக்கள் ஒவ்வொன்றாக அணைந்து, 1923-ல் வியாபாரமாக நடந்த கடைசி உலையும் நின்றுபோனது. 1933-ல் ராணுவ வாள்களுக்காக ஷிமானே மாவட்டத்து மலையில் ஒன்றை மூட்டினார்கள். போர் முடிந்ததும் அதுவும் அணைந்தது. மிச்சமிருந்த உருக்கை வைத்துக் கொல்லர்கள் இருபது முப்பது வருஷம் ஒப்பேற்றினார்கள். அதுவும் தீர்ந்துகொண்டே வந்தது.

இங்கேயும் ஒரு வாத்தியார். தவாரா குனியிச்சி. டோக்கியோ பல்கலைக்கழக உலோகவியல் பேராசிரியர். ததாராக்கள் எரிந்துகொண்டிருந்த காலத்திலேயே, 'எதற்கு இந்தப் பழைய பஞ்சாங்கம்' என்று ஒதுக்காமல், மலைக்கு மலை ஏறி அளவெடுத்துக் குறிப்பெழுதியவர். 1933-ல் அதைப் புத்தகமாகப் போட்டார். வாளையும் மைக்ராஸ்கோப்பில் வைத்து ஆராய்ந்து 1953-ல் இன்னொரு பெரிய புத்தகம்.

ஆனால் புத்தகத்தைப் படித்து உலை மூட்ட முடியாது. தீயின் நிறம் எப்படி இருந்தால் மணல் போட வேண்டும் என்பது எழுத்தில் வருமா? அது தெரிந்த ஒரு கிழவர் உயிரோடு இருந்தார். அபே யோஷிஸோ. போர்க்கால உலையில் வேலை பார்த்தவர். எழுபது வயதைத் தாண்டியிருந்தார். வாள் சங்கம் அவரைப் பிடித்தது. யசுகியில் இருந்த ஹிதாச்சி உருக்கு கம்பெனி தொழில்நுட்ப உதவி செய்தது. 1977-ல் அதே பழைய இடத்தில், ஒகுயிசுமோ மலையில், ததாரா மறுபடி எரிந்தது.

ஒவ்வொரு குளிர்காலத்திலும் எரிகிறது. மூன்று நாள், மூன்று ராத்திரி விடாமல். அரைமணிக்கு ஒரு தடவை மணலும் கரியும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். பத்து டன் இரும்பு மணல், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கரி. தலைமை உலைக்காரருக்கு 'முராகே' என்று பெயர். தூக்கம் கிடையாது. தீயையே பார்த்துக்கொண்டிருப்பார். உலையின் சுவரே உள்ளிருந்து கரைந்து மெலிந்துகொண்டு வரும். கடைசி நாள் விடியற்காலையில் உலையை உடைத்தால், நடுவில் தகதகவென்று இரண்டரை டன் கட்டி. அதிலும் வாளுக்கு லாயக்கான பாகம் பாதிகூடத் தேறாது.

அபேயிடம் கற்றுக்கொண்டு அடுத்த முராகே ஆனவர் கிஹாரா அகிரா. அவர் யார் தெரியுமா? அதே உருக்கு கம்பெனி உத்தியோகஸ்தர்! 1986-ல் அரசாங்கம் அவரை இந்தக் கலையைக் காப்பவராக அங்கீகரித்தது. ஆபீஸில் உட்கார்ந்து ஃபைல் தள்ளுகிற நமக்கெல்லாம் இன்னும் நம்பிக்கை இருக்கிறது!

*

அந்த உருக்கு என்ன ஆகிறது என்று பார்க்காமல் ஊர் திரும்ப மனசில்லை. ஒகயாமா பக்கத்தில் ஓஸாஃபுனே என்று ஒரு ஊர். பிஸன் வாள்கள் என்று பெயர் பெற்றவை பிறந்த இடம். அங்கே வாள் மியூசியத்தை ஒட்டிப் பட்டறைகள். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு பொதுமக்கள் முன்னால் அடித்துக் காட்டுகிறார்கள். புல்லட் ரயிலில் போகச் சீனியர் டிக்கெட் எடுத்துவிட்டார். என் பேட்டாவில் பாதி காலி.

வெள்ளை உடையில் கொல்லர் உலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். துருத்தியை இடது கை இழுக்கிறது. பழுத்த உருக்கு வெளியே வருகிறது. சம்மட்டியோடு நிற்கிற சீடர்கள் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். பொறி பறக்கிறது, என் பேன்ட்டில் ஒரு ஓட்டை. தட்டையானதும் நடுவில் வெட்டி மடிக்கிறார்கள். மறுபடி பழுக்க வைத்து, மறுபடி அடித்து, மறுபடி மடித்து... பத்துப் பதினைந்து தடவை. பதினைந்து மடிப்பு என்றால் எத்தனை அடுக்கு? சீனியர் சட்டென்று சொன்னார்: 32,768. (நான் பிறகு கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். சரிதான்.) அழுக்கெல்லாம் பொறியாகப் போகிறது. மிச்சம்தான் அந்த மர ரேகை.

கொல்லர் வாயைத் திறக்கவே இல்லை. கையிலிருந்த சின்னச் சுத்தியலால் பட்டடைக்கல்லில் 'டிங்' என்று தட்டுகிறார். சீடன் அதற்குப் பதிலாகச் சம்மட்டி போடுகிறான். இப்படி எதிர்த்தாற்போல் போடும் அடிக்கு 'ஐஸுச்சி' என்று பெயர். பேச்சுக்கு நடுவே 'ஹை... ஹை...' என்று உம் கொட்டுவதற்கும் ஜப்பானிய மொழியில் அதே வார்த்தை! சீனியர் போனில் தலையாட்டுவதன் ரகசியம் அங்கே புரிந்தது.

கடைசிக் கட்டத்தைப் பொதுமக்களுக்குக் காட்டுவதில்லை. சீனியர் சொல்லக் கேட்டதுதான். வாள் முழுக்கக் களிமண் பூசுவார்கள். முதுகுப் பக்கம் கனமாக, கூர்ப்பக்கம் மெல்லிசாக. விளக்கை அணைத்துவிடுவார்கள், இருட்டில்தான் சூட்டின் நிறம் சரியாகத் தெரியும். கிட்டத்தட்ட 750, 800 டிகிரி. தெர்மாமீட்டர் கிடையாது, கண்தான். பழுத்த வாளைத் தண்ணீரில் முக்குவார்கள். மெல்லிய பூச்சு உள்ள கூர்ப்பக்கம் சட்டென்று ஆறிக் கடினமாகும். முதுகு மெதுவாக ஆறி, வளைந்து கொடுக்கும் குணத்தோடு நிற்கும். இரண்டும் சந்திக்கிற எல்லைதான் அந்தப் பனிமூட்டக் கோடு. வாளின் வளைவுகூட அந்த ஒரு நொடியில் பெரும்பாலும் தானாக வருவதுதான். சில வாள் அப்போது விரிசல் விட்டுவிடும். மாதக்கணக்கில் பட்ட பாடு, ஒரு 'சொய்ங்'கில் போயே போச்சு.

பிழைத்த வாள் தீட்டுபவரிடம் போகும். கல் மாற்றிக் கல், பல நாள் வேலை. பிறகு உறைக்காரர். மக்னோலியா மரத்தில் இரண்டு பாதியாகக் குடைந்து ஒட்டுகிறார். எதனால் ஒட்டுகிறார்? சோற்றுப் பசை! நாம் பட்டம் ஒட்டுகிற அதே சமாசாரம். ஏன் என்றால், நாளைக்கு உறைக்குள் அழுக்குச் சேர்ந்தால் பிளந்து சுத்தம் செய்ய வேண்டுமே. பிரிக்கத் தெரிந்து ஒட்டியிருக்கிறார்கள்.

*

பட்டறை வாசலில் ஒரு சீடப் பையன் கரி வெட்டிக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வயசிருக்கும். முகமெல்லாம் கரி. ஒரே அளவாக வெட்ட வேண்டும், கரி வெட்டவே மூன்று வருஷம் என்று ஒரு பேச்சு உண்டு.

"சம்பளம் எவ்வளவு?" என்று நம்ம ஊர் வழக்கப்படி கேட்டேன். சீனியர் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார். பையன் சிரித்துவிட்டுக் கையை விரித்தான். இந்தத் தொழிலில் சீடனுக்குப் பொதுவாகச் சம்பளம் கிடையாது.

உரிமம் பெற்ற குருவிடம் குறைந்தது ஐந்து வருஷம் இருக்க வேண்டும். பிறகு அரசாங்கம் நடத்துகிற எட்டு நாள் பயிற்சித் தேர்வு. பாஸானால் உரிமம். உரிமம் வந்தாலும் மாதத்துக்கு இரண்டு நீள வாளுக்கு மேல் செய்யக்கூடாது என்று கட்டுப்பாடு. அவசரமாக நிறையச் செய்து தரம் கெட்டுவிடக்கூடாது என்பதற்காக. இந்த வயசில் எவன் வருவான்? வருகிறவர்கள் குறைந்துகொண்டேதான் வருகிறார்கள். கொல்லருக்கு மட்டுமல்ல, தீட்டுபவருக்கும் உறைக்காரருக்கும் அதே கவலை.

திரும்பும் ரயிலில் எனக்கு மனசு கனத்துவிட்டது. "இந்தப் பையன் அஞ்சு வருஷம் கரி வெட்டி, அப்புறம் வாள் செய்தால், யார் சார் வாங்குவாங்க?"

சீனியர் ஒரு கதை சொன்னார்.

க்யூஷு தீவில் அஸோ கோயிலில் 'ஹோதாருமாரு' என்ற வாள் இருந்தது. ஹோதாரு என்றால் மின்மினி. 1336-ல் ஒரு போரில் அந்த வாளின் கூர் பல்லுப் பல்லாக உடைந்துபோனதாம். சொந்தக்காரர் கண்ட கனவில் மின்மினிகள் கூட்டமாக வந்து வாள் மேல் உட்கார்ந்தன. விழித்துப் பார்த்தால் வாள் முழுசாக இருந்ததாம். அந்த வாள் 1945-க்குப் பிறகு நடந்த பறிமுதலில் காணாமல் போய்விட்டது.

2015-ல் இளம் வாள் கொல்லர்கள் சிலர் அதை மறுபடி செய்து கோயிலுக்குக் கொடுக்க நினைத்தார்கள். கையில் காசில்லை. பொதுமக்களிடம் இன்டர்நெட் மூலம் 55 லட்சம் யென் கேட்டார்கள். வந்தது எவ்வளவு தெரியுமா? நாலரைக் கோடி யென்னுக்கும் மேல்! அதே வருஷம் பழைய வாள்களையே அழகான வாலிபர்களாக ஆக்கி ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு வந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு மியூசியம் மியூசியமாக ஏறி இறங்க ஆரம்பித்த இளம்பெண்கள் பல பேர் பணம் அனுப்பினார்கள். நம் கான்தெய் கூடத்து இளம்பெண்ணும் அப்படி வந்தவர்தானாம்.

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே 2016-ல் குமமோத்தோ பூகம்பம். அஸோ கோயிலின் பெரிய வாசல் கோபுரம் இடிந்து விழுந்தது. 2017-ல் அந்தக் கோயிலுக்கே புதிய ஹோதாருமாருவைக் கொண்டுபோய்ச் சமர்ப்பித்தார்கள். கோபுரம் 2023-ல்தான் எழுந்து நின்றது. வாள் முந்திக்கொண்டது.

"அன்றைக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்டீர்களே..." என்றார் சீனியர். "நல்லதைப் பார்த்தால் நல்லது என்று தெரிந்துகொள்கிற ஆள் நாலு பேராவது வேண்டும். இல்லையென்றால் அந்தப் பையன் எதற்காக மெனக்கெட வேண்டும்? எப்படி வெட்டினாலும் கரி கரிதானே என்று போய்விடுவான்."

எனக்கு என் ஆபீஸ் ஞாபகம் வந்தது. ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து நான் போட்ட ஒரு ரிப்போர்ட். அதை யாரோ ஒருவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை என்று தெரிந்த அன்றிலிருந்து நான் எட்டு மணி வரை உட்காருவதில்லை.

ஊருக்குக் கிளம்புகிற வாரம் மறுபடி கான்தெய்க்குப் போனேன். வாட்ச், மோதிரம், பேனா எல்லாம் ரூமிலேயே வைத்துவிட்டேன். வாயில் கைக்குட்டை. கும்பிட்டேன், எடுத்தேன், வளைவு பார்த்தேன், கோடு பார்த்தேன், ரேகை பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஒரே ஊர்ப் பெயரை, பிஸன் என்று, சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

சீட்டு திரும்பி வந்தது. 'இயா'. முட்டை!

சீனியர் எட்டிப் பார்த்தார். "பரவாயில்லை. எச்சில் படவில்லை" என்றார்.